ஜாமீனும் பிணையும் ஒன்றுதான், அந்தச் சண்டையை விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன வாரம் உங்கள் கடிதப் பகுதியில் ஒரு வாசகர் ரொம்பக் கோபமாக எழுதியிருந்தார். ஒரே பக்கத்தில் மேலே 'ஐகோர்ட்', கீழே 'உயர் நீதிமன்றம்', ஒரு செய்தியில் 'ஜாமீன்', பக்கத்துச் செய்தியில் 'பிணை' என்று வருகிறதாம், பத்திரிகைக்கு ஒரு ஒழுங்கு வேண்டாமா என்று கேட்டிருந்தார். இரண்டு நாள் கழித்து அவருக்கு ஆதரவாக இன்னொருவர், 'சதவீதம்' எழுதுவதை நிறுத்திவிட்டு 'விழுக்காடு' என்றே எழுத வேண்டும் என்று. நான் கும்பகோணத்தில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்து ஓய்ந்தவன். வாழ்நாள் முழுக்கச் சொற்களை நகல் எடுத்தே பிழைத்தவன் என்பதால் இந்த விஷயத்தில் நாலு வார்த்தை சொல்ல எனக்கும் ஆசை.

என் கட்சி இதுதான். அந்த இருவரும் சண்டை போடுகிற ஜோடிகளை நீங்கள் தாராளமாக மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். ஐகோர்ட் என்றாலும் உயர் நீதிமன்றம் என்றாலும் சென்னையிலோ மதுரையிலோ இருக்கிற அதே கட்டடம்தான். வக்கீல், வழக்கறிஞர், அட்வகேட், மூவரும் ஒரே கறுப்புக் கோட்டுக்காரர். எஃப்ஐஆர் என்று போட்டாலும் முதல் தகவல் அறிக்கை என்று போட்டாலும் அதே காகிதம். தலைப்பில் இடம் குறைவாக இருந்தால் சின்னச் சொல், உள்ளே இடம் இருந்தால் பெரிய சொல், அவ்வளவுதான். தூய தமிழ் வேண்டும் என்பது ஒரு நியாயமான ஆசை, நான் குறுக்கே நிற்கவில்லை, ஆனால் அது ரசனை சம்பந்தப்பட்டது. படிக்கிறவர் அந்தச் சொல்லைப் பார்த்துவிட்டு அடுத்து என்ன செய்யப்போகிறாரோ அது மாறாத வரைக்கும் எந்தச் சொல்லைப் போட்டால் என்ன?

அது மாறுகிற இடங்களில்தான் எனக்கு வயிற்றெரிச்சல். அதைப் பற்றி ஒருவரும் கடிதம் போடுவதில்லை.

முதலில் 'காவல்'. "வாலிபரைக் காவலில் வைக்க நீதிபதி உத்தரவு" என்று ஒரு வரி வரும். எந்தக் காவல்? போலீஸ் காவலா, நீதிமன்றக் காவலா? கைதான ஒருவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தியாக வேண்டும், இது அரசமைப்புச் சட்டத்தின் 22வது பிரிவிலேயே இருக்கிறது. அதற்கப்புறம் மாஜிஸ்திரேட் நீதிமன்றக் காவலுக்கு அனுப்பினால் ஆள் போவது ஜெயிலுக்கு, போலீஸ் நினைத்த நேரத்தில் போய் விசாரிக்க முடியாது, கோர்ட்டில் அனுமதி வாங்க வேண்டும். போலீஸ் காவல் என்றால் ஆள் அவர்கள் கையிலேயே இருக்கிறார், அதற்கு மொத்தம் 15 நாள்தான் உச்சவரம்பு. பழைய சட்டத்தில் அந்த 15 நாளும் முதல் 15 நாளுக்குள்ளேயே முடிந்தாக வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் அதைத் துண்டு துண்டாக முதல் 40 நாளிலோ 60 நாளிலோ பிரித்து எடுத்துக்கொள்ளலாம் என்று ஆக்கிவிட்டார்கள். உள்ளே இருக்கிற பையனுக்கும் வெளியே நிற்கிற அம்மாவுக்கும் இரண்டும் வேறு வேறு உலகம். பத்திரிகையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு "ஐயா, எந்த ஸ்டேஷன்ல வச்சிருக்காங்கன்னு போடலையே" என்று வக்கீல் ஆபீசுக்கு வருகிற அம்மாக்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆள் ஸ்டேஷனிலேயே இருந்திருக்க மாட்டான், கிளைச் சிறைக்குப் போயிருப்பான். ஒரே ஒரு சொல் கூடப் போட்டிருந்தால் அந்த அம்மா நேராக அங்கே போயிருப்பார்.

குண்டர் சட்டமும் அப்படித்தான். "குண்டர் சட்டத்தில் கைது" என்று எழுதிவிட்டு அடுத்த பத்தியில் 'ஓராண்டு சிறை' என்றும் சில நேரம் போட்டுவிடுகிறார்கள். 1982ஆம் ஆண்டின் 14வது சட்டம் அது. அதில் நடப்பது தடுப்புக் காவல். வழக்கு நடந்து, சாட்சி விசாரித்து, கோர்ட் கொடுத்த தண்டனை கிடையாது. அதிகபட்சம் 12 மாதம் வைக்கலாம், அந்தக் காவல் சரிதானா என்று அறிவுரைக் கழகம் என்ற குழு பார்க்கும், குடும்பத்தார் ஹேபியஸ் கார்பஸ் என்கிற ஆட்கொணர்வு மனு போடலாம், ஐகோர்ட் ரத்து செய்யவும் செய்யும். 'ஓராண்டு சிறை' என்று படித்தவன் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்துக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவான்.

அப்புறம் 'விடுதலை'. இந்த ஒரு சொல்லை நாம் எத்தனை காரியத்துக்குப் பயன்படுத்துகிறோம் பாருங்கள். குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று கோர்ட் சொன்னாலும் விடுதலை, விசாரணைக்கே முகாந்திரம் இல்லை என்று வழக்கிலிருந்து விடுவித்தாலும் விடுதலை, ஜாமீன் கிடைத்துச் சிறை வாசலுக்கு வந்தாலும் விடுதலை, தண்டனைக் காலம் முடியும் முன்பே வெளியே விட்டாலும் விடுதலை. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தண்டனை பெற்ற பேரறிவாளனை உச்ச நீதிமன்றம் 2022 மே 18 அன்று விடுவித்தது, அரசமைப்புச் சட்டத்தின் 142வது பிரிவில் தனக்கு இருக்கிற அதிகாரத்தைப் பயன்படுத்தி. குற்றத் தீர்ப்பு அப்படியே இருந்தது, அதை ரத்து செய்யவில்லை. ஆனால் அன்றைக்கு டீக்கடையில் பாதிப் பேர் 'நிரபராதின்னு சொல்லிட்டாங்களாம்' என்றார்கள், மீதிப் பேர் 'குற்றவாளியை எப்படி நிரபராதின்னு சொல்லலாம்' என்று சத்தம் போட்டார்கள். நடக்காத ஒன்றுக்கு இரண்டு தரப்பும் சண்டை. அவர் வெளியே வந்தது சரியா தப்பா என்பது வேறு விவாதம், அதை நான் இங்கே தொடவில்லை. விவாதத்துக்கு உட்காரும்போதே ஆளுக்கொரு தீர்ப்பைக் கையில் வைத்திருந்தார்களே, அதைத்தான் சொல்கிறேன்.

'ஒத்திவைப்பு' இன்னும் மோசம். விசாரணையை ஒத்திவைத்தால் அடுத்த வாய்தாவுக்கு வர வேண்டும். தீர்ப்பை ஒத்திவைத்தால் வாதம் எல்லாம் முடிந்தது, இனி நீதிபதி எழுதி வாசிக்க வேண்டியதுதான் பாக்கி. "வழக்கு ஒத்திவைப்பு" என்று மொட்டையாகப் போட்டால் கட்சிக்காரருக்கு எது என்று எப்படித் தெரியும்? 'தடை'யும் இதே கேஸ்தான். "புதிய விதிக்கு ஐகோர்ட் தடை" என்று வந்தால் விதியே செத்துப்போனதாக மக்கள் நினைக்கிறார்கள், அடுத்த விசாரணை வரைக்கும் இடைக்காலத் தடை என்பது ஏழாவது வரியில் இருக்கும், ஏழாவது வரி வரைக்கும் யார் படிக்கிறார்கள்.

எண்களையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். புதிய குற்றவியல் சட்டங்கள் வந்ததிலிருந்து கொலைக்குப் பழைய 302க்குப் பதில் 103, மோசடிக்கு 420க்குப் பதில் 318. ஊர்ப் பேச்சில் 420 என்றைக்கும் 420தான், அது வசவாகவே ஆகிவிட்டது, புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா அதை என்ன செய்ய முடியும். ஆனால் செய்தியில் மாற்றிப்போடக் கூடாது. 2022இல் நடந்த கொலைக்கு இன்றைக்குத் தீர்ப்பு வந்தாலும் அது பழைய 302தான், குற்றம் நடந்த நாள்தான் கணக்கு. புதிய சட்டத்திலும் ஒரு 302 இருக்கிறது, அது மத உணர்வைப் புண்படுத்தும் நோக்கத்தோடு பேசுவதற்கானது. இரண்டையும் குழப்பினால் கொலைக் கேஸ்காரன் வாய்த்துடுக்குக் கேஸ்காரனாகி விடுவான்.

கோர்ட்டை விடுங்கள், எனக்குப் பழக்கதோஷம். வங்கிச் செய்திக்கு வருகிறேன், ஏனென்றால் அங்கே தலைகீழ்க் கதை. இரண்டு வேறு காரியங்களுக்கு நாம் ஒரே சொல்லை வைத்திருக்கிறோம். 'தள்ளுபடி'. 2021 பிப்ரவரி 5 அன்று சட்டப்பேரவையில் அறிவித்தார்களே, கூட்டுறவு வங்கிகளில் 16.43 லட்சம் விவசாயிகள் வாங்கிய 12,110 கோடி ரூபாய் பயிர்க்கடன், அது தள்ளுபடி. கடன் வாங்கியவர் இனி ஒரு பைசா கட்ட வேண்டாம், அரசாங்கம் வங்கிக்குக் கொடுக்கும். ஆனால் "பெரு நிறுவனங்களின் கடன் தள்ளுபடி" என்று வருடா வருடம் ஒரு செய்தி வருகிறதே, அதில் பெரும்பகுதி அப்படிப்பட்டது கிடையாது. 90 நாளுக்கு மேல் தவணை வராத கடன் வாராக்கடன் ஆகிறது, அதற்கு வங்கி தன் லாபத்திலிருந்து பணம் ஒதுக்கிக்கொண்டே வருகிறது, முழுதும் ஒதுக்கிய பிறகு கணக்குப் புத்தகத்தின் முன்பக்கத்திலிருந்து அதை எடுத்துவிடுகிறது. கணக்கிலிருந்து நீக்கம் என்றுதான் அதைச் சொல்ல வேண்டும். கடன்காரர் இன்னும் கடன்காரர்தான், சொத்தை ஏலம் விடலாம், தீர்ப்பாயத்துக்கு இழுக்கலாம். அதனால் அது ரொம்ப யோக்கியமான காரியம் என்று நான் சொல்ல வரவில்லை, அப்படி நீக்கியதில் திரும்பி வருவது கொஞ்சம்தான், அதைக் கேள்வி கேட்கத்தான் வேண்டும். சரியான கேள்வியைக் கேட்பதற்காவது சரியான சொல் வேண்டாமா? 'ஏன் மன்னித்தீர்கள்' என்று கேட்டால் வங்கி 'நாங்கள் மன்னிக்கவே இல்லையே' என்று சொல்லித் தப்பித்துவிடும். 'எவ்வளவு வசூலித்தீர்கள்' என்று கேட்டுப் பாருங்கள்.

'சதவீதம்' பற்றிக் கோபப்பட்டவருக்கும் இங்கே ஒன்று. 2025 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி, மற்ற வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் கடனுக்கான ரெப்போ வட்டியை 6.50இலிருந்து 6.25 ஆக்கியது. அதை '0.25 சதவீதம் குறைப்பு' என்று எழுதினாலும் 'விழுக்காடு' என்று எழுதினாலும் இரண்டுமே தப்பு, அது கால் சதவீதப் புள்ளி. சதவீதக் கணக்கில் பார்த்தால் கிட்டத்தட்ட 3.8 சதவீதம் குறைந்திருக்கிறது. வடமொழியா தமிழா என்று பார்க்கிற அவசரத்தில் 'புள்ளி'யை மறந்துவிட்டோம்.

இனி எங்கள் ஊர்ப் பக்கத்துக்கு உயிர்நாடியான விஷயம், மழையும் தண்ணீரும். 'கனமழை', 'மிக கனமழை', 'அதி கனமழை' மூன்றையும் உங்கள் செய்தியில், சொன்னதையே திரும்பச் சொல்லாமல் இருக்க மாற்றி மாற்றிப் போடுகிறார்கள் என்று எனக்குச் சந்தேகம். பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதும்போது வாத்தியார் சொல்லிக்கொடுத்த பழக்கம், ஒரே சொல் திரும்ப வந்தால் அழகில்லை என்று. வானிலை ஆய்வு மையத்துக்கு அவை அழகுக்காக வைத்த சொற்கள் இல்லை. 24 மணி நேரத்தில் 7 முதல் 11 செ.மீ. பெய்தால் கனமழை, 12 முதல் 20 வரை மிக கனமழை, அதற்கு மேல் அதி கனமழை. முதலாவது வந்தால் குறுவை அறுவடைக்காரர் தார்ப்பாய் தேடுவார், மூன்றாவது வந்தால் வீட்டைக் காலி செய்வது பற்றி யோசிக்க வேண்டும். போதாக்குறைக்கு அந்த மூன்றாவதுக்கு மேல்வரம்பே கிடையாது. 21 செ.மீ. பெய்தாலும் அதுதான், 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியதே, அதற்கும் அதே பெயர்தான். அங்கே சொல்லோடு எண்ணையும் போட்டால்தான் உண்டு.

தாழ்வுப் பகுதி, தாழ்வு மண்டலம், ஆழ்ந்த தாழ்வு மண்டலம், புயல், தீவிரப் புயல், இதுவும் படிக்கட்டு மாதிரி ஒன்றன்மேல் ஒன்று. காற்று மணிக்கு 31 கிலோமீட்டரைத் தொட்டால் மண்டலம், 50 ஆனால் ஆழ்ந்த மண்டலம், 62 ஆனால் புயல், அப்போதுதான் அதற்குப் பெயரே வைப்பார்கள். மண்டலமாக இருக்கும்போதே பெயரைப் போட்டு 'புயல் வருகிறது' என்று எழுதினால், அது கடைசி வரை புயலாகாமல் கரையேறிவிட்டால், அடுத்த தடவை ஒருவரும் நம்ப மாட்டார்கள். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா தீவிரப் புயலாக நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே ஏறியது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னையை இழந்தவர்களிடம் போய் 'புயலும் தீவிரப் புயலும் ஒன்றுதானே' என்று கேட்டுப் பாருங்கள்.

மேட்டூரைப் பற்றி இரண்டே வரி. 'நீர்மட்டம்' வேறு, 'நீர் இருப்பு' வேறு. மட்டம் 120 அடி ஆனால் இருப்பு 93.47 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கனஅடி). அதற்காக 60 அடி என்றால் பாதித் தண்ணீர் என்று நினைத்தால் ஏமாந்தோம், அணை கீழே போகப் போகக் குறுகுவதால் கால் பங்குக்குச் சற்று மேலேதான் இருக்கும். அதே மாதிரி 'கனஅடி' என்று மட்டும் போடாதீர்கள், 'விநாடிக்கு' என்பதைச் சேர்த்துப் போடுங்கள். விநாடிக்கு 11,574 கனஅடி ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டிஎம்சி, இதை வைத்துத்தான் கடைமடைக்காரர் எத்தனை நாள் முறைவைக்கலாம் என்று மனக்கணக்குப் போடுவார்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இன்னும் வரவில்லை. பட்டியல்.

தமிழில் ஒரு பட்டியலை முடிக்க நமக்கு நிறைய வழி இருக்கிறது. 'ஆகிய', 'உள்ளிட்ட', 'உட்பட', 'முதலிய', 'போன்ற', 'மற்றும்', 'அல்லது', பற்றாக்குறைக்கு நடுவில் ஒரு சாய்கோடு. உங்கள் நிருபர்கள் கைக்கு வந்ததை எடுத்துப் போடுகிறார்கள். 'ஆகிய' என்றால் பட்டியல் முடிந்தது, கதவைச் சாத்தியாயிற்று. 'உள்ளிட்ட' என்றால் இன்னும் ஆள் இருக்கிறது, பெயர் சொல்லவில்லை. மூன்று பேர் பெயரையும் முழுதாகச் சொல்லிவிட்டு 'உள்ளிட்ட 3 பேர் கைது' என்று எழுதுகிறவர்களுக்கு என்ன சொல்வது? 'டிரைவர் உட்பட 4 பேர் காயம்' என்றால் மொத்தம் நாலு, 'டிரைவர் மற்றும் 4 பேர்' என்றால் ஐந்து. ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறவருக்கு அந்த ஒரு ஆள் யார் என்பதுதான் செய்தி.

சட்டம் எழுதுகிறவர்கள் இதில் ரொம்ப உஷார். திருட்டுக்கான பழைய 379இல் 'மூன்றாண்டு வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும்' என்று இருக்கும். 420இல் அப்படி இல்லை, ஏழாண்டு வரை சிறை, அதோடு அபராதமும். அதாவது திருடினவன் வெறும் அபராதத்தோடு வீட்டுக்குப் போக வழி இருக்கிறது, ஏமாற்றினவன் கொஞ்சமாவது உள்ளே இருந்தாக வேண்டும். 'அல்லது' இருந்த இடத்தில் 'மற்றும்' போட்டால் அந்த வழி அடைபட்டுவிடும். சட்டங்களின் வரையறைப் பகுதியிலும் ஒரு சொல்லுக்கு 'இதுதான் பொருள்' என்று சொன்னால் அது மூடிய பட்டியல், 'இதையும் உள்ளடக்கும்' என்று சொன்னால் திறந்த பட்டியல், அந்த வித்தியாசத்தை வைத்தே நாள் கணக்கில் வாதாடி ஜெயித்தவர்கள் உண்டு.

சாதாரண மனுஷனுக்கு இது எங்கே இடிக்கும் என்றால் ஆவணங்களில். "ஆதார், குடும்ப அட்டை, வருமானச் சான்று போன்ற ஆவணங்களுடன் முகாமுக்கு வரவும்." போன்ற! எது போன்ற? மூன்றும் வேண்டுமா, மூன்றில் ஒன்று போதுமா, நாலாவது ஏதாவது கேட்பார்களா? இதைப் படித்துவிட்டு வீட்டில் இருக்கிற அத்தனை காகிதத்தையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு போகிறவர் இருக்கிறார், ஒரு ஆதாரை மட்டும் எடுத்துக்கொண்டு போய்த் திரும்பி வருகிறவரும் இருக்கிறார். தேர்தல் ஆணையம் இதை எப்படிச் செய்கிறது பாருங்கள். 2024 மக்களவைத் தேர்தலில் வாக்காளர் அட்டை இல்லாதவர்களுக்கு 12 மாற்று ஆவணங்களைச் சொல்லி, 'ஏதேனும் ஒன்று' என்றும் தெளிவாகச் சொன்னது. வரிசை எண் போட்டு அச்சிட்டால் பூத்தில் 'எட்டாவது ஆவணம் இருக்கு' என்றுகூடச் சொல்லலாம். எண்ணுக்குப் பதில் அ, ஆ, இ போட்டாலும் சரி, கறுப்புப் புள்ளி வைத்தாலும் சரி, அது உங்கள் வடிவமைப்பாளர் இஷ்டம். ஒன்றை முடித்த பிறகே அடுத்ததைச் செய்ய வேண்டிய காரியமாக இருந்தால் மட்டும் எண் போடுங்கள், முதலில் பட்டா நகல், அப்புறம் வில்லங்கச் சான்று என்கிற மாதிரி. ஆனால் 'எல்லாம்' வேண்டுமா 'ஏதாவது ஒன்று' போதுமா என்ற அந்த ஒற்றைச் சொல்லை விட்டுவிட்டால் எந்தப் புள்ளி வைத்தும் பிரயோஜனமில்லை.

'தலைப்பில் இடம் இல்லை' என்று நீங்கள் சொல்வீர்கள், நானும் புரிந்துகொள்கிறேன். ஆனால் 'உள்ளிட்ட'வை விட 'ஆகிய' சின்னச் சொல். 'ஓராண்டு சிறை'க்கும் 'தடுப்புக் காவல்' என்பதற்கும் அச்சில் அப்படி ஒன்றும் பெரிய வித்தியாசம் கிடையாது. இடப் பிரச்சினை என்பது பாதி சாக்கு.

வடகிழக்குப் பருவமழை வந்தால் உங்கள் முதல் பக்கத்தில் கட்டாயம் வரப்போகிற ஒரு வரி இருக்கிறது: "தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் உள்ளிட்ட டெல்டா மாவட்டங்களில் பள்ளிகளுக்கு இன்று விடுமுறை." மயிலாடுதுறை 2020இல் நாகப்பட்டினத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டம் ஆகிவிட்டது, விடுமுறையை அந்தந்த மாவட்ட ஆட்சியர்தான் அறிவிக்கிறார். சீர்காழியில் இருக்கிற ஒரு அம்மா காலை ஆறரை மணிக்கு இந்த வரியைப் படித்துவிட்டுப் பிள்ளையை எழுப்புவதா வேண்டாமா? பள்ளிக்கு மட்டுமா, கல்லூரிக்கும் சேர்த்தா? விடுமுறை அறிவித்த மாவட்டங்களின் பெயரை முழுதாகப் போட்டு 'ஆகிய' என்று முடியுங்கள், கல்லூரி உண்டா இல்லையா என்று ஒரு சொல் சேருங்கள், அறிவிப்பு எத்தனை மணி வரைக்கும் வந்தது என்பதையும் ஓரத்தில் போட்டுவிடுங்கள். அந்தச் செய்திக்குள் ஐகோர்ட் என்று எழுதினாலும் உயர் நீதிமன்றம் என்று எழுதினாலும் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வக்கீல் குமாஸ்தா ஒருவர்,
கும்பகோணம்.